தூங்கும்போது அணிய வேண்டியது

என் அத்தாவுக்கு ஒரு கண்தான். மற்றது சிறுவயதில் அம்மை போட்டபோதே போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டே மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கும் மிளகும் தரம் பார்த்து, எங்களை வளர்த்து ஆளாக்கி, இன்றைக்கும் மதியம் வந்து சேரும் தமிழ்ப் பேப்பரை விளம்பரம் விடாமல் வாசித்து முடிக்கிறவர். அந்தக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது, ஆப்பரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதே வாரம் அதே கண் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் மொழிபெயர்ப்பு வகுப்புக்கு ஒரு வேலை வந்தது. ஆப்பரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் கையில் கொடுக்கும் குறிப்புத் தாள். மலையாளத்தில் இருக்கிறது, தமிழில் வேண்டும் என்றார்கள்.

அத்தாவின் குணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாயால் சொன்னால் எதையும் கேட்கமாட்டார். அச்சில் இருந்தால் கேட்பார். உப்பைக் குறையுங்கள் என்று உம்மா வருஷக்கணக்காக மல்லுக்கு நின்று தோற்றுப்போனார். பேப்பரில் அதைப் பற்றி நாலு வரி வந்த அன்றே ஊறுகாய் பாட்டிலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார் அந்த மனிதர். ஆக, நாங்கள் அந்தத் தாளில் என்ன எழுதுகிறோமோ அதைத்தான் அத்தா செய்யப்போகிறார், இருக்கிற ஒரே கண்ணுக்கு.

நான் பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மலையாளம். தமிழ் வீட்டில் பேசியது, எழுத்து அத்தாவின் பேப்பரைப் பார்த்துக் கூட்டிக்கூட்டிக் கற்றது. நாற்பதை நெருங்கும் வயதில், பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, இந்த வாரக்கடைசி வகுப்பில் சேர்ந்தேன். பழைய மிளகுக் கிடங்கொன்றின் மாடியில் நடக்கிறது. சார் களமசேரியிலிருந்து வருவார், எப்போதும் தாமதமாக, எப்போதும் பஸ்ஸைத் திட்டிக்கொண்டே.

சார் வைத்திருந்த ஒரு வழக்கம்தான் என் உயிரை எடுத்தது. மொழிபெயர்த்த ஒவ்வொரு முக்கியச் சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் போட வேண்டும். அந்தச் சொல்லை இணையத்தில் எந்தப் பக்கத்தில் பார்த்தோம் என்று அந்தக் கட்டத்தில் லிங்க் ஒட்ட வேண்டும். லிங்க் இருந்தால் சொல் நிற்கும். இல்லையென்றால் சிவப்பு மையால் ஒரே இழுப்பு. "உங்க அபிப்பிராயம் யாருக்கு வேணும்? சான்று காட்டுங்க" என்பார்.

எனக்கு அந்த ஏற்பாடு ஆரம்பத்தில் பிடித்துத்தான் இருந்தது. என் தமிழ்மேல் எனக்கே நம்பிக்கை கிடையாது, ஆகவே தேடுவேன். தேடுவேன் என்றால் சாதாரணத் தேடல் இல்லை. 'சொட்டு மருந்து' என்று எழுதிவிட்டு அதற்கு ஒரு மணி நேரம் தேடுவேன். ஒரு பக்கம் திறந்து, அதிலிருந்து இன்னொன்று, அங்கிருந்து வேறொன்று. போன் அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி சுடும். தேடத் தேடத் தெரிந்ததும் மறந்துபோகும். கடைசியில் 'சொட்டு மருந்து' என்று சொல்வது சரிதானா என்றே சந்தேகம் வந்துவிடும். பிறந்ததிலிருந்து வீட்டில் சொல்லிவரும் வார்த்தை! உம்மாவிடம் கேட்டால், "உனக்கென்ன பைத்தியமாடி?" என்பார்.

என்னோடு சேர்த்துப்போட்ட பையன் நேர் எதிர். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பாலக்காட்டுத் தமிழ் வீட்டுப் பிள்ளை, என் வயதில் பாதி. போனில் சொல்லைப் போடுவான். முதலில் வருவதன் கீழே இரண்டு வரி தெரியுமே, அதை வாசிப்பான். பக்கத்தைத் திறக்கக்கூட மாட்டான். "கிட்டியாச்சு அக்கா" என்று லிங்கை ஒட்டிவிட்டு சாயா குடிக்கப் போய்விடுவான். நல்ல பையன், எனக்கும் ஒரு சாயா வாங்கி வருவான், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவன் சாயா குடித்துத் திரும்பும்போது நான் அதே வரியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பானே, பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

வகுப்பில் சார் கேள்வி கேட்டால் அவன் வாயிலிருந்து வருவது "ஆமா சார், அதான்." என் வாயிலிருந்து வருவது "அப்படித்தான்னு தோணுது சார்", "இருக்கலாம்", "பாத்துட்டுச் சொல்றேன்." இரவெல்லாம் தேடியவள் நான். இரண்டு வரி வாசித்தவன் அவன். ஆனால் சார் தலையாட்டுவது அவனுக்குத்தான். அட, என்னத்தைச் சொல்ல.

அந்தக் கண் தாளில் பெரும்பாலும் தகராறு இல்லாமல் போனது. எழுத்தைப் பெரிதாகப் போட வேண்டும், ஆப்பரேஷன் பண்ணின கண்ணால் வாசிக்கிற தாள் இது என்று நான் சொன்னதை மட்டும் சாரும் அவனும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். பிறகு ஒரு வரி வந்தது. மலையாளத்தில், பகலில் வெளியே போகும்போது கறுப்புக் கண்ணாடி போட வேண்டும், தூங்கும்போது ஷீல்டு வைக்க வேண்டும் என்று இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பையில் இரண்டும் இருக்கும். கண்ணாடி வெயிலுக்கும் தூசிக்கும். தூக்கத்தில் கை தெரியாமல் கண்ணைக் கசக்கிவிடக் கூடாது என்பதற்காக ஷீல்டு.

அந்த ஷீல்டை நான் கையால் தொட்டவள். என் மாமிக்கு அதே ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் ஆனபோது, ஒவ்வொரு நாளும் நான்தான் அதை வைத்து டேப் ஒட்டினேன். உள்ளங்கையைக் குழித்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி, காற்றுப்போக ஓட்டைகள். எங்கள் வீட்டில் எல்லோரும் அதைக் கப்பு என்றே சொன்னோம். 'தூங்கும்போது கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் கப் வைத்து டேப் ஒட்ட வேண்டும்' என்று எழுதினேன். எழுதியபோது சந்தேகமே வரவில்லை, எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

லிங்க்? அங்கேதான் மாட்டினேன். 'கண் கப்' என்று தேடினால் டீக்கப் விற்கிறவர்கள் வருகிறார்கள். ஆங்கிலத்தில் தேடினால் அதே சாமானின் படம் வரிசையாக வருகிறது, எங்கள் மாமி வைத்திருந்தது அச்சு அசலாக. தமிழில் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்று நாள் தேடினேன். கட்டம் காலியாகவே இருந்தது.

அவன் வந்தான். போனில் போட்டான். "கிட்டியாச்சு அக்கா. பாதுகாப்புக் கண்ணாடி."

"கண்ணாடி எங்கிருந்துடா வந்துச்சு? அது கண்ணாடியே இல்ல."

"ஷீல்டுன்னா பாதுகாப்புதானே? இதோ பாருங்க, ரெண்டு லிங்க் இருக்கு."

முதல் லிங்க் வெல்டிங் சாமான் விற்கும் கடை. திறந்து காட்டினேன். "ஓ" என்றான், அவ்வளவுதான். இரண்டாவது ஒரு தமிழ் மருத்துவப் பக்கம். கண் ஆப்பரேஷனுக்குப் பின் என்ன செய்யலாம், என்ன கூடாது என்று வரிசையாகப் போட்டிருந்தது. அதில் 'தூங்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்' என்று ஒரு வரி. "இத என்ன சொல்லுவீங்க?" என்றான். அதே வரி வேறு நாலைந்து பக்கங்களிலும் இருந்தது. இத்தனை பேர் எழுதியிருக்கிறார்களே, ஒருவேளை நான் பார்த்ததுதான் வேறு எதுவோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. மாமியின் கண்ணில் நான் என் கையால் ஒட்டியதை நானே சந்தேகப்பட்டேன். இதைவிடக் கேவலம் உண்டா?

வீட்டுக்குப் போயும் மனசு ஆறவில்லை. அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து கடைசிவரை வாசித்தேன். நாலைந்தும் ஒரே பக்கத்திலிருந்து காற்புள்ளிகூட மாறாமல் எடுத்து ஒட்டியவை. பத்துப் பேர் சாட்சி சொல்கிற மாதிரித் தெரியும், பார்த்தால் ஒருத்தர் சொன்னதை மற்றவர்கள் ஒட்டியிருப்பார்கள். சரி, அந்த ஒருத்தர் யார் என்று அந்த மருத்துவப் பக்கத்தின் அடிவரை போனேன். பொடி எழுத்தில் இருந்தது: மொழிபெயர்ப்புப் பயிற்சி மாணவர்கள். எங்கள் வகுப்பின் பெயர். எங்களுக்கு முந்தின வருஷம் படித்தவர்கள்!

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவனுக்குப் போன் போட்டேன். "உன் சான்று யாரு தெரியுமா? நம்ம சீனியர் பிள்ளைங்க. இதே மாடியில உக்காந்து எழுதியிருக்காங்க."

"அப்படியா? அப்ப இன்னும் நல்லதாப் போச்சு அக்கா. எல்லாரும் ஒரே சொல்லச் சொன்னாத்தானே ஜனங்க குழம்பாம இருப்பாங்க?"

இந்தப் பிள்ளையை என்ன செய்வது? போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த வகுப்பில் சாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வெல்டிங் கடையை, சீனியர்களை, ஒட்டுப்பக்கங்களை, மாமியை. ஆங்கிலப் பக்கத்துப் படத்தையும் காட்டினேன். சார் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "படம் இங்கிலீஷ் பக்கத்துல இருக்கு. தமிழ்ச் சொல்லுக்குத் தமிழ்ச் சான்று வேணும். கப்புங்கறது தமிழும் இல்ல" என்றார்.

"சார், நோயாளிக்குப் புரியுமே."

"புரியும்னு நீங்க சொல்றீங்க. சீனியர்ஸ் ஏதாவது பாக்காமலா போட்டிருப்பாங்க? அவங்க சொல்லு தப்புன்னு உறுதியாச் சொல்லுங்க, இப்பவே அடிச்சிடறேன். உறுதியா?"

வகுப்பு மொத்தமும் என்னைப் பார்த்தது. எனக்குத் தெரியும். கையால் தொட்டது, டேப் ஒட்டியது, எல்லாம் தெரியும். ஆனால் பாழாய்ப்போன வாய் திறந்து சொன்னது, "இன்னொரு தடவ பாத்துட்டுச் சொல்றேன் சார்."

"பாத்துட்டே இருந்தா தாள் எப்பப் போறது?" என்றார். பாதுகாப்புக் கண்ணாடி நின்றது.

வகுப்பு முடிந்து படி இறங்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். சார் கேட்காவிட்டால் என்ன, அவர்களிடமே சொல்லிவிடலாம் என்று. எடுத்த பெண் நன்றாகத்தான் பேசினாள். நாளைக்கு ஒரு தடவை போன் செய்யுங்கள் என்றாள். மறுநாள், தாள் இன்னும் கைக்கு வரவில்லையே என்றாள். அதற்கும் பிறகு ஒரு நாள், "பிரிண்ட் செய்து கழிஞ்ஞு சேச்சி, இனி அடுத்த தவண நோக்காம்" என்றாள். அச்சாகிவிட்டதாம், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாமாம். எங்கள் வீட்டில் அடுத்த முறைக்கு இன்னொரு கண் இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. நன்றி சொல்லி வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்திலும் தாளை ஏற்றிவிட்டார்கள். அந்தப் பையன் வகுப்புக் குழுவில் அதை அனுப்பி, கைதட்டுகிற பொம்மைகளை வரிசையாக வைத்திருந்தான்.

வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. வகுப்புக்குப் போகிறேன் என்பது அத்தாவுக்குத் தெரியும், அங்கே என்ன செய்கிறேன் என்று அவர் கேட்டதில்லை. நம் கையில்தானே இருக்கிறது, மாமிக்கு ஒட்டியதுபோல் அத்தாவுக்கும் ஒட்டிவிட்டால் போயிற்று என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். அத்தா முதலில் சுவரைப் பார்த்தார், பிறகு உம்மாவைப் பார்த்து, "நீ இவ்வளவு வெளுப்பா?" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நர்ஸ் பையைக் கையில் கொடுத்தாள். சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, கப்பு, டேப், எங்கள் தாள். "சிஸ்டரே, இந்தக் கப்பு எப்ப வைக்கணும்னு அத்தாட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்று ஆரம்பித்தேன். "எல்லாம் இதிலுண்டு உப்பா, இதுபோலெ செய்தா மதி" என்று தாளைத் தட்டிக் காட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். அதில் இருக்கிறபடி செய்தால் போதுமாம். அத்தா தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மதியம் சாப்பிட்டதும் தாளைக் கைநீட்டிப் பிடித்து வாசித்தார். "எழுத்த நல்லாப் பெருசாப் போட்டிருக்கான். விவரம் தெரிஞ்சவன்" என்றார். பிறகு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தார்.

"அத்தா, அது வெளிய போறப்பப் போடுறது. தூங்கறதுக்குக் கப்பு வைக்கணும்."

"தாள்ல கண்ணாடின்னுல்ல இருக்கு."

"தாள் தப்பு அத்தா."

"ஆஸ்பத்திரிக்காரன் அச்சடிச்சுக் குடுத்தது தப்பு, நீ சொல்றது சரி. அட, போ புள்ள."

"மாமிக்கு நாந்தானே ஒட்டுனேன்!"

"அது அவ கண்ணு. இது என் கண்ணு." எழுந்து உட்கார்ந்து தலைமாட்டிலிருந்த போனை எடுத்தார். பேசினால் பதில் சொல்லும் வசதியை யாரோ கற்றுக்கொடுத்ததிலிருந்து, மழை வருமா என்பதைக்கூட அதனிடம்தான் கேட்கிறார். வாயருகில் வைத்து, "கண் ஆப்பரேஷன் பண்ணுனா தூங்கறப்ப என்ன போடணும்?" என்றார்.

போனிலிருந்து ஒரு பெண் குரல் நிறுத்தி நிதானமாக வாசித்தது. "தூங்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது. தலைக்குக் குளிப்பதைத் தவிர்க்க வேண்டும்." எங்கள் தாள். வரிக்கு வரி எங்கள் தாள்.

"கேட்டியா?" என்றார் அத்தா.

என்னால் முடியவில்லை. வீடு அதிரக் கத்திவிட்டேன். "அத நாந்தான் அத்தா எழுதுனேன்! அந்தத் தாள எழுதுனதே நாந்தான்! அதத்தான் அவ திருப்பி வாசிக்கிறா!"

உம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். அத்தா கண்ணாடியைக் கழற்றினார். சிவந்துபோயிருந்த அந்தக் கண்ணால் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தாளை எடுத்து மறுபடியும் விரித்தார்.

"இதையா? நீயா?"

"ஆமா."

"போன்ல சொல்றாளே, அதும் நீ எழுதுனதா?"

"ஆமாத்தா. அதனாலதான் சொல்றேன், அது..."

அவர் எங்கே கேட்டார். "ஏ, இங்க பாரு" என்று உம்மாவைக் கூப்பிட்டார். "உன் மக எழுதுனத ஆஸ்பத்திரியில அச்சடிச்சுக் குடுக்கறான். போன்ல வேற சொல்றான்." முகமெல்லாம் சிரிப்பு. நான் கல்யாணமாகிப் போனபோதுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை. "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன? நீ எழுதுனதுன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு படுத்துவிட்டார்.

இத்தனை காலத்தில் என் தமிழை ஒருத்தர் நம்பியிருக்கிறார். அதுவும் இந்த வரியை வைத்து.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கண்ணாடியைக் கழற்றினேன். கையைத் தட்டிவிட்டார். மறுபடி கழற்றினேன். கப்பை எடுத்து, ஓட்டைகளைத் துடைத்து, கண்ணுக்கு மேல் வைத்தேன்.

"இது எங்க எழுதியிருக்கு?" என்றார்.

"எங்கயும் எழுதல. நான் சொல்றேன்."

ஓட்டைகள் வழியே என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். நெற்றியிலும் கன்னத்திலும் டேப்பை ஒட்டி அழுத்தும்வரை அசையாமல் கிடந்தார். ஒட்டி முடித்து நான் எழுந்ததும், கையைத் துழாவிக் கறுப்புக் கண்ணாடியை எடுத்துக் கப்புக்கு மேலேயே மாட்டிக்கொண்டார்.

"அத்தா!"

"நீ சொன்னதும் வெச்சாச்சுல்ல? அதுக்காக நீ எழுதுனத விட்ர முடியுமா?" என்றார். இரண்டையும் போட்டுக்கொண்டே தூங்கிப்போனார்.